கலையரங்க ஆலோசனைக் குழுவில் சமூக உறுப்பினராகப் பணியாற்றுவது எப்படி?

அப்போதைய இரண்டாம் துணைப் பிரதமர் ஓங் டெங் சியோங் தலைமையில் இயங்கிய கலாசார, கலை ஆலோசனை மன்றம் 1989-இல் சிங்கப்பூர் அரசாங்கத்திடம் ஓர் அறிக்கை அளித்தது. 1991-இல் தேசியக் கலைகள் மன்றம் உருவானதும், 2002 அக்டோபரில் எஸ்பிளனேட் கலையரங்கம் திறக்கப்பட்டதும் அந்த அறிக்கையின் பரிந்துரைகளைத் தொடர்ந்து நடந்தவை. அந்த ஆலோசனை மன்றத்தின் கையில் நிலமும் இல்லை, நிதியும் இல்லை, எவருக்கும் ஆணையிடும் உரிமையும் இல்லை. எழுதிக் கொடுத்த சொல் மட்டுமே இருந்தது. அதுவும் கட்டடமாக எழுந்து நிற்கப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன.

இன்று ஒரு தமிழாசிரியரோ, நடன ஆசிரியரோ, சமூக மன்றத் தொண்டூழியரோ சமூக உறுப்பினராக அழைக்கப்படும் கலையரங்க ஆலோசனைக் குழுக்கள் அத்தனை பெரியவை அல்ல. ஆனால் அவற்றின் இயல்பு அதுவேதான்: குழு முடிவெடுப்பதில்லை, முடிவெடுப்பவரிடம் சொல்கிறது. ஆகவே சொல்லும் செய்தி திட்டவட்டமாகவும், உரிய காலத்திலும், எழுத்திலும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே உறுப்பினரின் பயன் அமைகிறது. இத்தகைய ஒரு குழுவில் இரண்டு தவணைக்காலம் இருந்தவன் என்ற முறையில், முதல் தவணையை நான் பெரும்பாலும் வீணடித்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

படி 1: எந்தக் குழு என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ளுங்கள்

"குழுவில் சேருங்கள்" என்று அழைப்பவர்கள் பல வேளைகளில் எந்தக் குழு என்பதை விளக்குவதில்லை. ஓர் அரங்கைச் சுற்றி மூன்று நான்கு வகையான குழுக்கள் இருக்கக்கூடும். இயக்குநர் சபை என்பது சட்டப் பொறுப்புடையது; கணக்குக்கும் நிர்வாகத்துக்கும் அதுவே பதில் சொல்ல வேண்டும். சமூக மன்றங்களில் உள்ள நிர்வாகக் குழுவும், இந்தியர் நற்பணிச் செயற்குழுவும், அந்த மன்றங்களை நடத்தும் அரசு அமைப்பான மக்கள் கழகத்துக்குள் இயங்குபவை. அவை ஆலோசனை சொல்வதோடு நிற்காமல் நிகழ்ச்சிகளைத் தாமே நடத்துகின்றன. தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் பொதுமக்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்களிடம் கருத்துக் கேட்பது நிகழ்ச்சிகளின் வயது வகைப்பாடு, உள்ளடக்கம் ஆகியவை குறித்து. அரங்கின் ஆலோசனைக் குழுவோ இவற்றில் எதுவும் அன்று. எந்தக் கலைவடிவங்களுக்கு இடம் தருவது, எந்தப் பார்வையாளர்கள் வராமல் இருக்கிறார்கள், கட்டணமும் வசதிகளும் எப்படி அமைய வேண்டும் என்பனபற்றி அரங்க நிர்வாகத்துக்குக் கருத்துரைப்பது அதன் வேலை.

அழைப்பை ஏற்பதற்குமுன் பணி வரையறையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதில் சில செய்திகளைத் தேடிப் பார்க்க வேண்டும். குழுவின் ஆலோசனை யாரிடம் போகிறது: தலைமை நிர்வாகியிடமா, இயக்குநர் சபையிடமா, நிகழ்ச்சிப் பிரிவு மேலாளரிடமா? அதைப் பெறுபவர் ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்துடன் பதில் தரக் கடமைப்பட்டவரா? தவணைக்காலம் எவ்வளவு? ஆண்டுக்கு எத்தனை கூட்டங்கள்? எவற்றை வெளியே பேசலாம், எவற்றைப் பேசக்கூடாது? இவற்றுள் இரண்டாம் கேள்வியே முக்கியமானது. பதில் தரும் கடமை எழுத்தில் இல்லாத குழுவில் நல்ல ஆலோசனையும் தேநீரோடு கரைந்துவிடும். வரையறையே எழுதப்படாத குழு என்றால், அதை எழுதுவதே முதல் கூட்டத்தின் முதல் பொருளாக இருக்கட்டும் என்று பணிவாகக் கேட்கலாம். நான் அறிந்தவரை எவரும் அதற்குக் கோபித்துக் கொள்வதில்லை.

"என்னை ஏன் அழைக்கிறீர்கள்?" என்றும் கேட்டுவிடுங்கள். "இந்தியர் ஒருவர் வேண்டும்" என்பதுதான் பதில் என்றால் அதிலும் தவறில்லை. அந்த இருக்கையை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பைச் செலவின்றிச் செய்து தருவதற்காகத்தான் அழைக்கிறார்கள் என்று தெரிந்தால், அதைத் தனி வேலையாகப் பிரித்துக் கொள்ளுமாறு சொல்ல வேண்டும். பொது இடங்களில் எழுத்துச் சிதைந்த தமிழ்ப் பலகைகளைப் பார்த்து நாம் அனைவரும் வருந்தியிருக்கிறோம். அதைத் தீர்க்கும் வழி கூலி கொடுத்து அமர்த்தப்பட்ட மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவரே. கூட்ட இடைவேளையில் கைப்பேசியில் காட்டி உறுப்பினரிடம் சம்மதம் வாங்கிக் கொள்வது தீர்வாகாது.

படி 2: நேரத்தைக் கணக்கிடுங்கள்

கூட்டம் இரண்டு மணி நேரம்தான். ஆனால் அதற்கு முன்னர் ஆவணங்களைப் படிக்க ஒரு மாலையும், ஆண்டு முழுவதும் அரங்குக்குச் சென்று நிகழ்ச்சிகளைப் பார்க்கப் பல மாலைகளும் தேவை. தமிழ் நிகழ்ச்சிகளை மட்டும் பார்ப்பது போதாது. சீன இசைக்குழுவின் கச்சேரிக்கும், மலாய் நாடகத்துக்கும், பள்ளிப் பாடகர் குழுவின் நிகழ்ச்சிக்கும் போய் உட்கார்ந்தால்தான் அரங்கு மற்றவர்களுக்கு எப்படி இயங்குகிறது என்பது தெரியும். அதற்கு இயலாதவர்கள் மறுத்துவிடுவதே மேல்.

படி 3: நலன் முரண்பாட்டை முதல் நாளே அறிவியுங்கள்

சிங்கப்பூரின் தமிழ்க் கலையுலகம் சிறியது. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949-இலும், பாஸ்கர் கலைக்கழகம் 1952-இலும், அப்சரஸ் ஆர்ட்ஸ் 1977-இலும் தொடங்கப்பட்டவை. இவற்றிலோ இவற்றின் மாணவர்கள் நடத்தும் வகுப்புகளிலோ பயின்ற ஒருவர் ஏறக்குறைய ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் உறவு வட்டத்திலும் இருப்பார். நாடகக் குழுக்களிலும் அப்படியே. ஒரு குழுவில் நடித்தவர் மறு ஆண்டு இன்னொரு குழுவுக்கு ஒளியமைப்பார். ஆகவே நம்மில் எவருக்கும் "எனக்குத் தொடர்பே இல்லை" என்று சொல்ல இயலாது. தொடர்பு இருப்பது குற்றமன்று, அதை மறைப்பதுதான் குற்றம்.

அறநிறுவனங்களுக்கான ஆளுகை நெறிமுறை, நிர்வாகிகள் தம் நலன் முரண்பாடுகளை அறிவித்து, அது தொடர்பான முடிவிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஆலோசனைக் குழு உறுப்பினரைச் சட்டம் அவ்வளவு நெருக்காவிட்டாலும், அதே அளவுகோலை நாமே வைத்துக் கொள்வது நல்லது. முதல் கூட்டத்துக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: நான் எந்தக் கலை அமைப்புகளில் உறுப்பினர், என் குடும்பத்தார் எங்கே பயில்கிறார்கள் அல்லது கற்பிக்கிறார்கள், இந்த அரங்குக்கு நான் எதையேனும் விற்கிறேனா. பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, தொடர்புடைய பொருள் வந்தால் இப்படிச் சொன்னால் போதும்: "இந்தக் குழுவில் என் தங்கை மகள் ஆடுகிறார். இந்தப் பொருள் முடியும்வரை வெளியே இருக்கிறேன். கூட்டக் குறிப்பில் இதைப் பதிவு செய்யுங்கள்."

வெளியே இருப்பது என்றால் அறைக்கு வெளியே இருப்பதுதான். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாய் பேசாமல் இருந்தாலும் எதிரே இருப்பவர்கள் தயங்கித்தான் பேசுவார்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. அரங்கேற்றத்துக்குச் சனிக்கிழமை மாலை கிடைக்கவில்லை என்று பெற்றோர் ஒருவர் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடாது. முன்பதிவு விதிகளை எல்லாருக்கும் ஒன்றாக விளக்குவது உறுப்பினரின் வேலை; ஒருவருக்காக ஊழியரிடம் பேசுவது அவரது வேலையன்று. ஆனால் அதே வகை அழைப்பு நான்கைந்து பேரிடமிருந்து வருமானால், அது தனி ஒருவரின் குறை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. வார இறுதி மாலைகள் எந்த முறையில் ஒதுக்கப்படுகின்றன என்பதை எவர் பெயரும் சொல்லாமல் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். இலவச நுழைவுச்சீட்டுகளைப் பொறுத்தவரை, உறுப்பினருக்கு உரியது எத்தனை என்று எழுத்தில் இருந்தால் ஏற்கலாம். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்குவதே நிம்மதி.

படி 4: கட்டடத்தை நடந்து பாருங்கள்

இந்தப் படிக்கு நான் அதிக இடம் தருகிறேன். ஏனெனில் பெரும்பாலான சமூக உறுப்பினர்கள் அரங்கை இருக்கையிலிருந்து மட்டுமே அறிவார்கள். தொழில்நுட்ப மேலாளரிடம் ஒரு பகல் நேரத்தைக் கேட்டுப் பெற்று, பொருள் இறக்கும் வாயிலில் தொடங்கி, ஒப்பனை அறைகள், மேடை ஓரம், ஒளிக் கட்டுப்பாட்டு அறை, நுழைவுக் கூடம், கழிப்பறைகள் என்று ஒரு சுற்று வந்துவிடுங்கள்.

மேடைத் தளத்தைக் கையால் தொட்டும் காலால் தட்டியும் பாருங்கள். அடியில் இடைவெளி விட்டு அமைத்த மரத்தளம் காலடியை வாங்கிக் கொள்ளும். கான்கிரீட்டின்மேல் நேரடியாக விரித்த வினைல் விரிப்பு அவ்வாறு வாங்காது. இரண்டு மணி நேரம் வெறுங்காலால் தட்டி ஆடும் பரதக் கலைஞருக்கு அந்த வேறுபாடு முழங்காலில் தெரியும். தளம் வழுக்குகிறதா, ஒட்டுகிறதா என்பதையும் அவர்தான் சொல்ல முடியும். ஆகவே முடிந்தால் ஆடுபவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பிறகு நடு வரிசையில் உட்கார்ந்து, மேடையில் நிற்பவரின் பாதம் தெரிகிறதா என்று பாருங்கள். நாடகத்துக்கு முகம் தெரிந்தால் போதும், பரதத்துக்குப் போதாது.

ஒலியமைப்பு அடுத்தது. மேற்கத்திய இசைக்குழுவுக்காக அமைக்கப்பட்ட மண்டபத்தில் ஓசை நீண்டு நிற்கும். வயலின்கள் சேர்ந்து ஒலிக்க அது அழகு சேர்க்கும். மிருதங்கச் சொற்கள் வேகமாக விழும்போது அதே எதிரொலி ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றிக் குழப்பிவிடும். எஸ்பிளனேட்டின் இசையரங்கில் ஏற்றி இறக்கக்கூடிய விதானமும், திறந்து மூடக்கூடிய எதிரொலி அறைகளும், ஓசையை உறிஞ்சும் திரைகளும் இருப்பது ஒரே இடம் பலவகை இசைக்கு ஏற்றவாறு மாறுவதற்காகத்தான். சிறிய அரங்குகளில் அத்தகைய வசதி இராது. அங்கே நல்ல ஒலிபெருக்கி அமைப்பும், நட்டுவாங்கத் தாளத்தையும் பாட்டையும் எப்படிச் சமன்செய்வது என்று தெரிந்த ஒலிப் பொறியாளருமே வழி. "ஒத்திகைக்கு ஒதுக்கும் நேரத்தில் பக்க இசைக் கலைஞர்களின் ஒலிச் சரிபார்ப்பும் அடங்குமா?" என்பது குழுவில் எழுப்பத் தகுந்த கேள்வி.

குத்துவிளக்கு இன்னொரு பொருள். மேடையில் தீச்சுடர் ஏற்ற எந்த அரங்கும் எளிதில் இசைவதில்லை. அதற்கான காரணமும் நியாயமானதே. எண்ணெய் விளக்குக்கு அனுமதி உண்டா, எத்தனை நாள்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், அனுமதி இல்லையென்றால் மின்கல விளக்கை அரங்கமே வைத்திருக்குமா என்பன ஓர் அரைப் பக்க வழிகாட்டிக் குறிப்பில் அடங்கிவிடும். அந்த அரைப் பக்கம் இல்லாததால் திரை உயர்வதற்குப் பத்து நிமிடத்துக்குமுன் குருவும் மேடை மேலாளரும் வாக்குவாதம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். நான் குழுவில் இருந்த காலத்தில் உருப்படியாக நிறைவேறியவற்றுள் அந்தக் குறிப்பும் ஒன்று.

இருக்கை எண்ணிக்கைகளையும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். விக்டோரியா தியேட்டரில் 614, விக்டோரியா இசை மண்டபத்தில் 673, தேசிய நூலகக் கட்டடத்திலுள்ள டிராமா சென்டரில் ஏறக்குறைய 615 இருக்கைகள். எஸ்பிளனேட்டில் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் அமரும் தியேட்டரும் 1,600 பேர் அமரும் இசையரங்கும் ஒருபுறம், இருநூற்றுச் சொச்சம் பேருக்கான ஸ்டூடியோக்கள் மறுபுறம் என்று இருந்தது. இடைப்பட்ட அளவில் 550 இருக்கைகளுடன் சிங்டெல் நீர்முனை அரங்கு திறக்கப்பட்டது 2022-இல்தான். உள்ளூர்த் தமிழ் நாடகம் ஒன்றுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இந்த எண்களோடு பேசினால் நிர்வாகம் காது கொடுக்கும். "பெரிய அரங்கு கொடுங்கள்" என்று கேட்பது பெருமையாக இருக்கலாம். பாதி காலியாகக் கிடக்கும் இருக்கைகளின் முன் நடிப்பவருக்குத்தான் அதன் வலி தெரியும்.

படி 5: அறைக்கு வெளியே இருப்பவர்களிடம் கேளுங்கள்

நம் கருத்து ஒரு கருத்துதான். "சமூகம் விரும்புகிறது" என்று சொல்வதற்குமுன் சமூகத்தில் யார் யாரைக் கேட்டோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பரதமும் கர்நாடக இசையும் பயிலும் குடும்பங்களின் குரல் தானாகவே வந்து சேரும். நாடகக்காரர்கள், பறை அடிக்கும் இளையர்கள், தமிழ் முஸ்லிம் குடும்பங்கள், வார நாளில் மட்டும் ஓய்வு கிடைக்கும், சுழற்சி முறையில் பணியாற்றும் தாதியர், லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் ஆகியோரின் குரலை நாம்தான் தேடிப் போக வேண்டும். அந்த ஊழியர்களிடையே கவிஞர்கள் இருக்கிறார்கள் என்பதை 2014 முதல் நடந்த புலம்பெயர் ஊழியர் கவிதைப் போட்டி நாட்டுக்கே காட்டியது. "இந்தியர்" என்ற சொல்லுக்குள் மலையாளிகளும் தெலுங்கர்களும் பஞ்சாபியரும் இருக்கிறார்கள் என்பதும் தமிழ் உறுப்பினர் அடிக்கடி நினைவுபடுத்திக் கொள்ள வேண்டியது.

கேட்கும் முறை எளியது. நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில், எப்படி வந்தீர்கள், எதைக் கண்டு இந்த நிகழ்ச்சியை அறிந்தீர்கள், எது இருந்திருந்தால் இன்னொருவரையும் அழைத்து வந்திருப்பீர்கள் என்று மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். வீட்டில் இருந்துவிட்டவர்களிடமும் கேளுங்கள். அவர்களைத் தேக்கா உணவங்காடியிலும் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்திலும் காணலாம். ஒரு மூதாட்டி என்னிடம், "நாடகம் நல்லாத்தான் இருக்கும், தம்பி, இடைவேளையில் கழிப்பறை வரிசையில் நின்றே இரண்டாம் பாதி போயிடும்" என்றார். எந்தக் கருத்தாய்விலும் எனக்கு அது கிடைத்ததில்லை. பெயர், தொலைபேசி எண் எவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டாம். தேதியும் கருத்தும் போதும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கவலைப்படும் தேவையும் அப்போது குறையும்.

கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது, உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்காக 18 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கம் வழங்கிய 100 வெள்ளி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் தொகையை 2025 செப்டம்பர் முதல் 2028 இறுதிவரை பயன்படுத்தலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். தகுதி பெறும் உள்ளூர்த் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு மூத்தோர் அதைப் பயன்படுத்த, இணையவழிப் பதிவில் உதவ ஒரு தொண்டூழியர் மேசை போடலாமா என்பது போன்ற பரிந்துரைக்குச் செலவு ஏறக்குறைய இல்லை.

படி 6: கூட்டத்தில் பேசுதல்

என் முதல் கூட்டத்தில் தமிழுக்கு இடமில்லை என்று பத்து நிமிடம் உணர்ச்சியோடு பேசினேன். எல்லாரும் தலையசைத்தார்கள். பிறகு வந்த கூட்டக் குறிப்பில், "உறுப்பினர் ஒருவர் பன்முகத்தன்மையின் முக்கியத்துவத்தை வலியுறுத்தினார்" என்று ஒரே வரி இருந்தது. குறை எழுதியவரிடம் இல்லை. செயல்படுத்தத் தக்க எதையும் நான் சொல்லவில்லை.

இரண்டு வடிவங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். "தமிழ் நிகழ்ச்சிகள் குறைவாக உள்ளன" என்பது முறையீடு. "ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் நடைபெறும் தமிழ்மொழி விழாவுக்காகச் சிறிய அரங்கின் இரண்டு வார இறுதிகளை முன்கூட்டியே ஒதுக்கி, உள்ளூர் நாடகக் குழுக்களிடம் திறந்த அழைப்பு விடுக்கலாம், அடுத்த ஆண்டுக்கு இதை முடிவு செய்ய இந்த ஆண்டு எந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும்?" என்பது ஆலோசனை. அதில் எந்த இடம், எந்தக் காலம், யார் செய்வது என்பவை இருக்கின்றன. கடைசிக் கேள்வி நிர்வாகத்திடமிருந்து ஒரு தேதியைக் கறந்துவிடுகிறது. அரங்கின் நாள்காட்டி பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். தீபாவளியைப் பற்றி ஆகஸ்ட் மாதம் பேசுவது பந்தி முடிந்தபின் இலை போடச் சொல்வதைப் போன்றது. நவராத்திரி, தைப்பூசம், நோன்பு மாதம், பள்ளித் தேர்வுகள் ஆகியவற்றைக் குறித்த ஓர் ஆண்டுக் குறிப்பை முதல் கூட்டத்திலேயே கொடுத்துவிடுங்கள். மற்ற சமூகத்தாரும் தங்களுடையதைச் சேர்ப்பார்கள்.

பெரும்பாலும் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசத் தயங்குபவர்கள், முக்கியமான கருத்தை அரைப் பக்கத்தில் முன்னரே எழுதிச் செயலாளருக்கு அனுப்பிவிடலாம். கூட்டத்தில் அழகாகப் பேசுபவரைவிட, முன்கூட்டி எழுதி அனுப்பியவரின் கருத்தே குறிப்பில் முழுமையாக இடம் பெறுகிறது என்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். ஒரு கூட்டத்துக்கு ஒரு பரிந்துரை போதும். ஐந்து கொண்டு போனால் எளிதானது ஒன்றை நிறைவேற்றிவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவார்கள்.

படி 7: சர்ச்சை எழும்போது

ஏதேனும் ஒரு நாடகம் சமயத்தையோ சாதியையோ தொட்டுவிட்டால், குழுவிலிருக்கும் தமிழரிடம்தான் முதலில் தொலைபேசி வரும். நிகழ்ச்சிக்கு உரிமமும் வயது வகைப்பாடும் வழங்குவது தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம். எதை மேடையேற்றுவது என்று முடிவெடுப்பது அரங்கும் படைப்பாளரும். உறுப்பினர் தணிக்கையாளர் அல்லர். அவர் செய்யக்கூடியது, யார் எதனால் புண்படுகிறார்கள் என்பதைச் சரியாகக் கேட்டறிந்து நிர்வாகத்துக்குச் சொல்வதும், பார்வையாளருக்கு முன்னறிவிப்பு வைப்பது, நிகழ்ச்சிக்குப்பின் கலந்துரையாடல் நடத்துவது போன்ற வழிகளைப் பரிந்துரைப்பதும்தான். பிரதியைப் படிக்காமலோ நிகழ்ச்சியைப் பார்க்காமலோ கருத்துச் சொல்லாதீர்கள். செய்தியாளர் அழைத்தால் அரங்கின் தொடர்பு அதிகாரியிடம் அனுப்பிவிடுங்கள். புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஆலோசனைக் குழுவின் விவாதத்தைப் பகிர்வது எக்காரணம் கொண்டும் கூடாது.

படி 8: பின்தொடர்தலும் விடைபெறுதலும்

கூட்டக் குறிப்பு வந்தவுடன் படித்து, உங்கள் பரிந்துரை சொன்னபடி பதிவாகியுள்ளதா, பொறுப்பேற்றவர் பெயரும் தேதியும் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் குறிப்பு உறுதி செய்யப்படுமுன் திருத்தம் கேளுங்கள். முந்தைய கூட்டப் பரிந்துரைகளின் நிலை என்ற ஒரு பொருளை நிகழ்ச்சி நிரலில் நிலையாக வைக்கச் சொல்லுங்கள். மறுக்கப்பட்டவற்றுக்குக் காரணமும் அதில் வரட்டும். காரணம் பணமென்றால் ஓராண்டு கழித்துத் திரும்பக் கேட்கலாம். கொள்கையென்றால் வேறு வழி தேடலாம்.

தவணைக்காலம் முடியும்போது அடுத்து வருபவருக்கு இரண்டு பக்கக் கையளிப்புக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: எவை நிறைவேறின, எவை எந்த ஆண்டு என்ன காரணத்தால் நின்றன, எந்த ஊழியரிடம் எதைக் கேட்டால் கிடைக்கும், ஆண்டுக் குறிப்பில் எந்த நாள்களைத் திருத்த வேண்டும். அடுத்து வருபவர் நீங்கள் பரிந்துரைத்த ஆளாகவே இருக்க வேண்டியதில்லை. உங்களைவிட இருபது வயது இளையவராக இருந்தால் இன்னும் நல்லது. அவரை ஒரு பகல் பொழுதில் மீண்டும் அந்தப் பொருள் இறக்கும் வாயிலில் தொடங்கி ஒரு சுற்று அழைத்துச் செல்லுங்கள்.